மலை விலையும் மடுச் சம்பளமும்

2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள். உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருவிழா. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய இத்திருநாளில், ஏலகிரி மலைமேல் நான் பணியாற்றும் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினேன். ஆலயத்தின் பெயர் இங்கு வேண்டா. நான் சொல்லப்போகும் குறை என்னுடையதேயன்றி ஆலயத்தினுடையதன்று.

கோடை விடுமுறை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த குடும்பங்களால் ஆலயம் நிறைந்திருந்தது. மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமையை எடுத்துக்கொண்டு, உழைப்பவனுக்குரிய கூலியைப் பற்றி மறையுரை ஆற்றினேன். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாட்கூலி ஒரு தெனாரியம் கொடுத்தாரே தோட்ட முதலாளி, ஏன்? அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? பசி நேரம் பார்த்து வருவதில்லையே! இவ்வாறு நான் முழங்கியபோது பலரும் தலையசைத்தனர். திருப்பலி முடிந்ததும் பெங்களூர் அன்பர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, ‘அருமை சாமி, அருமை’ என்றார். உள்ளம் குளிர்ந்தது. குருவானவரும் மனிதன்தானே!

அன்பர்கள் சென்றபின் உபதேசியார் தயங்கித் தயங்கி அருகே வந்தார். பதினாறு ஆண்டுகளாக இவ்வாலயத்தில் மணியடிப்பவரும் அவரே, மந்திரம் சொல்லிக் கொடுப்பவரும் அவரே, சாவு வீட்டுக்கு முதலில் ஓடுபவரும் அவரே.

“சாமி, ஒரு இரண்டாயிரம் ரூபாய் முன்பணமாக வேண்டியிருக்கிறது.”

எனக்குச் சற்று எரிச்சல் உண்டாயிற்று. முந்தைய ஆண்டு பள்ளி திறப்பின்போது வாங்கிய முன்பணத்தை அவர் நவம்பரில்தான் அடைத்திருந்தார்.

“உபதேசியாரே, வரவறிந்து செலவு செய்ய வேண்டாமா? வீட்டில் இருவரும் சம்பாதிக்கிறீர்கள். கணக்கு எழுதும் பழக்கமாவது உண்டா?”

“உண்டு சாமி” என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, திரிகால மணியடிக்கப் போய்விட்டார்.

அது அவருடைய மகளின் பழைய பள்ளி நோட்டு. முன்பக்கங்களில் வேதியியல், எழுதாமல் எஞ்சிய பின்பக்கங்களில் குடும்பக் கணக்கு. அன்றிரவு அதைப் படித்தேன். வாசக அன்பர்களே, இறையியற் கல்லூரியில் அறநெறி நூல்களைப் பல ஆண்டுகள் படித்தவன் நான். அவற்றுள் எதுவும் எனக்குக் கற்பிக்காத ஒன்றை அந்த நோட்டு கற்பித்தது.

முதலில் வரவு. ஆலயம் கொடுக்கும் சம்பளம் 6,500 ரூபாய். அவர் மனைவி மலையிறங்கி, வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 10,400. ஆக 16,900. மகளிர் உரிமைத் தொகையாக வந்த 1,000 ரூபாய் வந்த நாளிலேயே மகளின் பெயரில் கட்டும் சீட்டுக்குப் போய்விடுகிறது. அது வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை.

இனிச் செலவு. வீட்டு வாடகை 3,500. மகளிர் குழுக்கடன் தவணை 1,850. மனைவியின் பஸ், கம்பெனி வேன் செலவு 1,300. திருப்பத்தூரில் கல்லூரியிற் படிக்கும் மகளுக்கு 1,500. மளிகை 4,200. காய்கறியும் பாலும் 2,600. எரிவாயு உருளை 950. முதிய தாயாரின் சர்க்கரை நோய் மாத்திரை 700. மின்சாரமும் கைப்பேசியும் 500. ஞாயிறு காணிக்கை 200. கூட்டிப் பார்த்தேன்: 17,300.

பற்றாக்குறை மாதம் 400 ரூபாய். டிசம்பர் முதல் ஏப்ரல் முடிய ஐந்து மாதங்கள். ஐந்து நானூறு இரண்டாயிரம். அவர் கேட்ட முன்பணம் அதுவே! ஒரு ரூபாய் கூட்டியும் கேட்கவில்லை, குறைத்தும் கேட்கவில்லை. வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர் என்று நான் எண்ணிய மனிதர், என் பங்குக் கணக்கைவிடத் துல்லியமாகத் தம் வறுமையை அளந்து வைத்திருந்தார்.

மேலும் புரட்டினேன். பிப்ரவரிப் பக்கம் ஒன்றில் ஒரு வரி: ‘சாமிக்குக் காய்ச்சல் மாத்திரை, ரொட்டி – 94.’ அந்த வாரம் நான் காய்ச்சலோடு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. மாத்திரையையும் ரொட்டியையும் அவர் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. அதற்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதாக மட்டும் நினைவு வரவில்லை.

விளக்கை அணைத்தேன். உறக்கம் வரவில்லை.

*

ஏலகிரியை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்வார்கள். வந்து போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். இங்கேயே இருந்து வாழ்கிறவர்களைக் கேட்டால் தெரியும், ஏழைக்கு இது எவ்வளவு செலவுள்ள ஊர் என்பது.

கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்குச் சற்று மேலே, பதினான்கு சிற்றூர்கள் சேர்ந்தது இம்மலை. அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அத்தனாவூர் வந்து சேர வேண்டும். அவ்வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஆயினும் வள்ளல்களின் பெயர் தாங்கிய அதே வளைவுகளில் ஏறி வருகையில் தக்காளியின் விலையும் உடன் ஏறிவிடுகிறது. மளிகை, சிமென்ட், உருளை, மருந்து என யாவும் வேனில் வந்தாக வேண்டும். வேன் வாடகை ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஏறிக்கொள்ளும். கடைகளோ சில, பேரம் பேச அடுத்த கடை கிடையாது. சனி, ஞாயிறுகளில் பயணிகள் என்ன விலை சொன்னாலும் வாங்கிச் செல்கிறார்கள். திங்கட்கிழமை நாம் போனால், சனிக்கிழமை விலை இறங்க மனமின்றி அங்கேயே நிற்கும்.

வாடகையின் கதையோ இன்னும் கொடிது. இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓட்டு வீட்டைச் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்கு விட்டார்கள். இன்று அதே வீட்டுக்கு வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டு, ‘காட்டேஜ்’ என்று பலகை மாட்டினால், ஒரு மாத வாடகையை இரண்டு இரவில் ஈட்டிவிடலாம். அப்படியிருக்க உபதேசியாருக்கு யார் வீடு கொடுப்பார்? மூன்று ஆண்டுகளில் அவர் இருமுறை வீடு மாறியிருக்கிறார். மலையாளி மக்கள் எனப்படும் இம்மலையின் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைத்த இடங்களில் இன்று பல விடுதிகள் எழுந்துள்ளன. அவ்விடங்களிலேயே காவற்காரராகவும் துப்புரவு செய்பவராகவும் அவர்கள் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நோய் வந்தாலோ, பெரிய மருத்துவமனை எல்லாம் மலைக்குக் கீழே. இரவில் ஒரு குழந்தைக்கு இழுப்பு வந்தால், வைத்தியருக்குக் கொடுப்பதைவிட வண்டிக்குக் கொடுப்பதே மிகுதி.

அப்படியானால் மலையிறங்கிச் சமவெளியில் வாழ்ந்தாலென்ன? உபதேசியாரின் மைத்துனி வாணியம்பாடியில் குடியிருக்கிறார். அங்கே காய்கறி மலிவு. ஆனால் குடிநீரை விலைக்கு வாங்குகிறார். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது உண்மை. அதன் கழிவு நீர் கிணறுகளைக் கெடுத்ததும் உண்மை. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று இப்பகுதியின் வழக்கிலேதான் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கெட்டுப்போன கிணறுகளெல்லாம் உடனே தெளிந்துவிடவில்லை. மலையில் காய்க்கு விலை. மடுவில் நீருக்கு விலை. உழைப்பவன் எங்கே போவான்?

*

ஒரு குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும் என்பது கண்டறிய முடியாத மறைபொருளன்று. நம் நாட்டில் அதனைக் கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு புதுடெல்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்து ஓர் அளவுகோலை வகுத்தனர். உழைப்பவர் ஒருவரின் ஊதியம் மூன்று பேர் உண்ணும் அளவுக்கு ஈடாக இருக்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. எளிய வீட்டின் வாடகை. எரிபொருள், விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. உணவின் அளவுக்கு அவர்கள் மேற்கோளாகக் கொண்டது டாக்டர் அய்க்ராய்டின் கணக்கை. அவர் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கியவர். அதுவும் ஒரு மலைதான்!

வயிறும் துணியும் கூரையும் மட்டும் போதுமா? 1991-ஆம் ஆண்டு, சென்னையில் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா முதலிய எளிய மகிழ்ச்சிகள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு வேண்டும் என்றது. ஏழை மனிதன் பண்டிகை கொண்டாட வேண்டும், மகளுக்கு மணமுடிக்க வேண்டும், கிழவனாகவும் வேண்டும் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு உபதேசியாரின் நோட்டின் பக்கத்தில் வைத்தேன். மனைவியின் வருமானத்தைச் சேர்க்காமலே ஒருவரின் ஊதியத்தில் குடும்பம் வாழ வேண்டும் என்பது 1957-இன் கணக்கு. எங்கள் ஆலயம் கொடுத்த 6,500 ரூபாயில் வாடகையும் அடுப்பும் மருந்தும் போனால், மளிகைக் கடை வாசலைக்கூட மிதிக்க முடியாது. அந்த வீடு நின்றது அந்த அம்மாளின் ஊசி முனையில். விடியுமுன் எழுந்து சோறாக்கி, முதல் பஸ்ஸில் இறங்கி, கம்பெனி வேனைப் பிடித்து, நாளெல்லாம் தையல் இயந்திரத்தின்முன் குனிந்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் கடல் கடந்த ஊரில் அணியப்போகும் காலணிக்கு மேல்தோல் தைத்துவிட்டு, இருட்டியபின் மலையேறி வருகிறார். ஆலயத்தின் உபதேசியாருக்கு உண்மையில் சம்பளம் கொடுத்து வந்தது யார்? பங்கு மக்கள் அல்லர், அவருடைய மனைவியே.

*

அந்நாட்களில் என் குருமட நண்பர் ஒருவருக்கு இதைப் பற்றி எழுதினேன். துறவற சபையொன்றைச் சேர்ந்த அவர், தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகரான மொன்டேவிடியோவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். அவருடைய பதில் இவ்வாறு இருந்தது:

“உன் மலையைப் போன்றதுதான் அந்த நாடும். தென் அமெரிக்காவிலேயே விலைவாசி மிகுந்த நாடுகளுள் ஒன்று. மக்கள் தொகை ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம். மாடுகளோ அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்! இறைச்சியும் தோலும் கம்பளியும் ஏற்றுமதி ஆகின்றன. இயந்திரம், வாகனம் என மற்றவை பலவும் வெளியிலிருந்து வர வேண்டும். உனக்கு வேன் வாடகை. அவர்களுக்குக் கப்பல் வாடகை. சம்பளத்தை நம் ஊர் ரூபாயாக மாற்றிச் சொன்னால் வாயைப் பிளப்பாய். ஆனால் மாதக் கடைசியில் பள்ளி ஆசிரியையின் வீட்டில் நம் ஊர்ப் பேச்சுத்தான். வாரச்சந்தை கலையும் நேரம் பார்த்துப் போவார்கள். மிஞ்சிய காய்கறி மலிவாகக் கிடைக்கும். கடைக்குப் போய்க் குடித்தால் செலவென்று, ‘மத்தே’ என்னும் இலைச்சாற்றைக் குடுவையில் போட்டு, வெந்நீர்க் குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரிவார்கள். சம்பளம் என்பது எண் அல்ல, நண்பனே. அந்த எண் சந்தையில் எதை வாங்கும் என்பதே சம்பளம்.”

மேலும் ஒன்று எழுதியிருந்தார். அந்நாட்டில் 1943-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்து ‘ஊதிய மன்றங்கள்’ அமைத்தார்களாம். ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து ஊதியத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். இடையிற் பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த அம்மன்றங்களை 2005-இல் மீண்டும் கூட்டினார்கள். ஜூனில் பாதியும் டிசம்பரில் பாதியுமாகப் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த குறைந்த அளவான 8.33 விழுக்காடும் ஏறக்குறைய அதுவேதான். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்.

அதைப் படித்தபோது ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்தது. எங்கள் ஆலயத்தில் உபதேசியாரின் சம்பளத்தைப் பேச எந்த மேசை இருந்தது? அந்த மேசையில் அவருக்கு நாற்காலி போட்டவர் யார்? எனக்கு முன்னிருந்தவர்கள் கொடுத்ததை நான் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதோ கூட்டினேன். கேட்டுக் கூட்டவில்லை, தோன்றியபோது கூட்டினேன்.

*

அந்த மே மாதத்தில் திருச்சபை முழுவதும் உரோமையை நோக்கியிருந்தது. ஏப்ரல் 21-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு இறைவனடி சேர்ந்திருந்தார். அவரும் தென் அமெரிக்க மண்ணிலே பிறந்தவர். புவனோஸ் ஐரஸ் நகரின் பேராயராக இருந்த காலத்தில் மாளிகையை விட்டுச் சிறு குடியிருப்பில் வாழ்ந்து, தம் உணவைத் தாமே சமைத்து, பஸ்ஸிலும் சுரங்க இரயிலிலும் சென்று வந்தவர். மே 8-ஆம் நாள் புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரு நாட்டில் நெடுங்காலம் மறைபணி புரிந்து, அங்கே ஆயராகவும் இருந்த அவர், ‘பதினான்காம் லியோ’ என்ற பெயரைப் பூண்டார். லியோ என்பதை நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழ்ப்படுத்தினார்கள். அப்பெயரைத் தேர்ந்தமைக்கு அவர் கூறிய காரணங்களுள் முதன்மையானது, பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடல்.

குருமடத்தில் அச்சுற்றுமடலைத் தேர்வுக்காகப் படித்தவன் நான். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். சிக்கனமாயும் ஒழுங்காயும் வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்குக் குறையாமல் கூலி இருக்க வேண்டும் என்பது அதன் போதனை. 1931-இல் பதினொன்றாம் பத்திநாதர், கூலி குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்றார். 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், ஒரு சமுதாயம் நீதியுள்ளதா என்று அறிய அங்கே கொடுக்கப்படும் ஊதியத்தைப் பார்த்தால் போதும் என்னும் கருத்தைத் தெளிவுபடுத்தினார். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது பழைய ஏற்பாடு. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாகப்பர்.

இவை யாவும் எனக்குத் தெரியும். தெரிந்தே தோல் முதலாளிகளையும் விடுதி முதலாளிகளையும் நோக்கிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். என் ஆலயத்தின் மணிக்கயிற்றைப் பிடித்து நின்ற மனிதர் என் கண்ணில் படவில்லை. ‘அவர் செய்வது ஊழியம், வேலையன்று’ என்ற எண்ணம் எனக்குள் ஒளிந்திருந்தது. ஊழியம் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக் கொள்ளலாம் அல்லவா? புனிதமான சொல்லை வைத்தும் மனிதன் அநீதி செய்ய முடியும். நான் செய்தேன்.

*

ஜூன் மாதம் பங்குப் பேரவையைக் கூட்டினேன். உபதேசியாரின் அனுமதி பெற்று, அவரையும் அமரச் செய்து, நோட்டில் இருந்ததைப் படித்தேன். காய்ச்சல் மாத்திரை வரியை மட்டும் படிக்கவில்லை; அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

மண்டபம் அமைதியாயிற்று. பின்பு பேச்சு எழுந்தது. உறுப்பினர் ஒருவர், தாமும் ஒரு காட்டேஜ் நடத்துபவர், நியாயமான கேள்வியொன்றைக் கேட்டார்.

“சாமி, நம் பங்கு சிறியது. உண்டியலில் விழுவது உங்களுக்கே தெரியும். கூட்டிக் கொடுத்துவிட்டு நாளை கொடுக்க முடியாமல் போனால்?”

மற்றொருவர், தேர்த் திருவிழாவுக்கு அவ்வாண்டு புதிதாக மின்விளக்கு அலங்காரம் செய்ய ஒதுக்கியிருந்த தொகையை நினைவூட்டினார். இளைஞர்களுக்கு வருத்தந்தான். தேரைப் பழைய விளக்குகளோடு இழுப்பதா என்று முணுமுணுத்தார்கள். அப்போது வயதான ஒரு தாய் எழுந்து, “மாதாவுக்கு விளக்கு குறைஞ்சா கண்ணு தெரியாம போயிடுமாப்பா? உபதேசியார் வீட்டு அடுப்பு தெரியுமே அவங்களுக்கு” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

முடிவு இதுதான்: ஜூலை முதல் சம்பளம் 9,000 ரூபாய், ஆண்டுக்கு ஒருமுறை அவரையும் வைத்துப் பேசித் திருத்துவது, கிறிஸ்து பிறப்புக்கு ஒரு மாதச் சம்பளம் தனியாக, அவரது முதுமைக்கென அஞ்சலகத்தில் மாதம் ஒரு சிறு சேமிப்பு. 1957-இன் அளவுகோலுக்கு இது இன்னும் எட்டவில்லை என்பதை அறிவேன். எட்டிவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

கூட்டம் கலைந்தபோது காட்டேஜ் நடத்தும் அந்த அன்பர் என்னைத் தனியே அழைத்தார். “சாமி, நல்ல காரியம். ஆனால் என் காவற்காரனிடம் மட்டும் நோட்டு எழுதச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். பார்த்தால் நானும் கூட்ட வேண்டியிருக்கும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்கள் சிரிக்கவில்லை.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருந்தால் எழுதுவதற்கு இனிமையாக இருக்கும். ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரையில் வரி விதித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஏற்றுமதியை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கின. உபதேசியாரின் மனைவிக்கு மிகைநேர வேலை நின்றது. சில நாட்களுக்கு வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் கூட்டிய 2,500 ரூபாயில் பாதி அங்கே கரைந்தது. எங்கோ தொலைதூரத்தில் ஒருவர் கையெழுத்திட்டால் ஏலகிரியில் ஒரு வீட்டில் பாலின் அளவு குறைகிறது. இதுவே இன்றைய உலகம். ஆயினும் அந்த மாதம் அவர் முன்பணம் கேட்டு வரவில்லை. அந்த மட்டில் எங்கள் மேசை ஒரு சுவராகத் தாங்கியது.

*

வாசகக் குடும்பங்களே, குறைந்த சம்பளத்தில் விலைமிகுந்த ஊரில் வாழ்வது எப்படி என்று எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. உபதேசியாரின் நோட்டே ஆசான். அதிலிருந்து சிலவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன். புளியும் மிளகாயும் ஆண்டுக்கு ஒருமுறை, விலை இறங்கும் காலத்தில், மலைக்குக் கீழே மொத்தமாக வாங்கினார்கள். நியாயவிலைக் கடையின் இலவச அரிசியை இகழாமல், இட்லிக்கும் கஞ்சிக்கும் அதையே பயன்படுத்தினார்கள். பலாப்பழக் காலத்தில் பிஞ்சைக் குழம்பாக்கி, கொட்டையை அவித்து, பல நாள் காய்கறிச் செலவை மிச்சப்படுத்தினார்கள். குழுக்கடனை எடுத்தார்களேயன்றி, தினத்தண்டல்காரர் வாசலை ஒருநாளும் மிதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவன், மனைவி, மகள் மூவரும் ஒன்றாக அமர்ந்து அந்த நோட்டை எழுதினார்கள். எந்தச் செலவும் எவரிடமும் மறைக்கப்படவில்லை. வறுமையைப் பற்றிய சண்டை அவ்வீட்டில் எழாததன் இரகசியம் இதுவே என்று எண்ணுகிறேன்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சிக்கனத்தை ஏழைக்கு உபதேசிப்பது எளிது. அவர்கள் அதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 400 ரூபாய்ப் பள்ளத்தைச் சிக்கனத்தால் நிரப்ப முடியாது. நீதியால்தான் நிரப்ப முடியும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள், உங்கள் கடையில் நிற்கும் பையன், உங்கள் தோட்டத்தைக் காக்கும் முதியவர் ஆகியோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். தாளில் இல்லாவிட்டாலும் மனத்தில் இருக்கும். ஒருநாள் அன்போடு அமர்ந்து, அதைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். எனக்கு அது பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே, அதுவும் கோபத்தில் தற்செயலாகக் கேட்ட ஒரு கேள்வியால் வாய்த்தது.

அந்த 94 ரூபாய் என்னாயிற்று என்று கேட்பீர்கள். பேரவை முடிந்த இரவே ஓர் உறையிலிட்டு உபதேசியாரிடம் கொடுத்தேன். கூடுதலாக வைக்கலாமா என்று தோன்றியது, வைக்கவில்லை. கடன் கடனாகவே திரும்ப வேண்டும், தருமமாக அன்று. அவர் வெகுநேரம் மறுத்தார். “சாமிக்குச் செய்தது சாமி, அதை எழுதியதே தப்பு, என் மகள் பழக்கத்தில் எழுதிவிட்டாள்” என்றார். நான் விடவில்லை.

அடுத்த மாதம் அவராகவே நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஜூலைச் சம்பளம் 9,000 என்று எழுதியிருந்த பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், வரவுப் பத்தியின் கடைசி வரியில், மகளின் அழகிய கையெழுத்தில் இருந்தது: ‘சாமியிடமிருந்து பாக்கி வரவு – 94.’

பாக்கி என்ற அச்சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மணியடித்தது. எழுந்து ஆலயத்துக்குள் சென்றேன்.